அல்போன்சு இலவரான்: முறைக்காய்ச்சலும் குருதிச்சோகையும்

குளக்கரைகளை அண்டி வாழ்ந்த நம் முன்னோர் முறைக்காய்ச்சலை இரண்டு அடையாளங்களால் அறிந்துகொண்டனர். ஒன்று, ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் நடுக்கமுமாக எழுந்து, வியர்த்துத் தணியும் காய்ச்சல். மற்றையது, காய்ச்சல் நின்ற பின்னும் நில்லாத வெளிறல். கீழ்க் கண்மடலைச் சிறிது இழுத்துப் பார்த்தால் அங்கே செம்மை இராது. நகங்கள் வெண்மை பூத்திருக்கும். வயிற்றின் இடப்பக்கத்திலே மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்படும். காய்ச்சலை யாவரும் அஞ்சினர். வெளிறலையோ சோகை என்று பெயரிட்டு, நாளடைவில் மாறிவிடும் என்று விட்டுவிடுவாரும் உளர். ஆயினும் குழந்தைகள் பலரைக் காவுகொள்வது அந்தச் சோகையே.

இவ்விரண்டு அடையாளங்களுக்கும் மூலமான உயிரைக் குருதியிலே முதன்முதற் கண்டவர் பிரான்சு நாட்டுப் படைவைத்தியராகிய அல்போன்சு இலவரான் ஆவர். அவர் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுகின்றோம். தமிழாசிரியருக்கு இதிலே என்ன வேலை என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியர்கள் வினவக்கூடும். நுளம்பு என்றதும் உரோசு என்று விடையிறுக்கும் மாணவர் இலவரான் என்னும் பெயரைக் கேட்டதும் விழிக்கின்றனர். அக்குறை எமக்கு நெடுநாளாக உண்டு என்பதே யாம் சொல்லத்தக்க விடை.

இலவரான் 1845ஆம் ஆண்டு யூன் மாதம் 18ஆந் திகதி பாரிசு நகரிலே பிறந்தார். அவர் தந்தையாரும் படைவைத்தியரே. வல்-த-கிராசு என்னும் படைமருத்துவக் கல்லூரியிலே பேராசிரியராய் விளங்கியவர். தந்தையாரின் உத்தியோகங் காரணமாக மைந்தரின் இளமையிற் சில ஆண்டுகள் அல்சீரியாவிலே கழிந்தன. அந்நாடு அக்காலத்திற் பிரான்சின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. பின்னர் சுதிராசுபூர் நகரிலே படைமருத்துவம் பயின்று 1867இல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1870இற் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டபோது மெற்சு நகர முற்றுகையினுள் அகப்பட்டுக் காயம்பட்டோரைப் பேணினார். 1874இல் போட்டித் தேர்வொன்றிலே வெற்றி பெற்று, முன்னர்த் தந்தையார் வகித்த அதே பேராசிரியப் பதவியை வல்-த-கிராசிலே தாம் ஏற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. தந்தையின் பதவி மைந்தருக்கு வந்ததென்றாற் பலரும் வேறு நினைப்பர். இங்கே அது தேர்வெழுதிப் பெற்றது.

அப்பதவிக் காலம் நான்கு ஆண்டில் முடிவுற்றது. 1878இல் இலவரான் அல்சீரியாவுக்கு அனுப்பப்பட்டார். முதலில் அவர் சென்ற இடம் போன் என்னும் துறைமுகம். இன்று அதன் பெயர் அன்னாபா. அவ்வூர் முறைக்காய்ச்சலுக்குப் பெயர்போனது. 1834ஆம் ஆண்டளவில் மையோ என்னும் படைவைத்தியர் கொயினா மருந்தைத் தாராளமாகக் கொடுத்துப் போர்வீரர் பலரை உயிர்பிழைப்பித்ததும் அவ்வூரிலேயே. எனவே மருந்து இன்னதென்பது இலவரானுக்கு முன்னரே தெரிந்திருந்தது. நோய் எதனால் வருகின்றதென்பதுதான் தெரியவில்லை. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காரணம் என்று பெரும்பாலோர் நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளும் கெட்ட காற்று என்பதே. சொல்லொன்று பொய்யைச் சுமந்துகொண்டு உலகெங்கும் உலாவுவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எமக்கு நினைவில் வரவில்லை.

காய்ச்சலால் இறந்த போர்வீரரின் உடல்களை இலவரான் அறுத்துச் சோதித்தார். மண்ணீரலும் ஈரலும் கறுத்திருந்தன. மூளையிலும் கருஞ்சாயல் படர்ந்திருந்தது. நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கியபோது எங்கும் கருநிறத் துணிக்கைகள் காணப்பட்டன. இத்துணிக்கைகள் புதியன அல்ல. 1847ஆம் ஆண்டிலேயே மெக்கெல் என்னும் செருமானிய வைத்தியர் அவற்றைக் கண்டு கூறியிருந்தார். வேறு நோயால் இறந்தாரிடத்து இவ்வாறு காணப்படாத இக்கருமை, காய்ச்சலால் வெளிறி இறந்தாரிடத்து மட்டும் ஏன் நிறைந்து கிடக்கின்றது? எங்கிருந்து வருகின்றது? பிறர் நோயின் காரணத்தை மண்ணிலும் நீரிலும் காற்றிலும் தேடிக்கொண்டிருக்க, இலவரான் நோயாளியின் குருதியிலே தேடலானார். அவர் வரலாற்றில் வேறெதனினும் இத்திருப்பமே பெரிதென்பது எம் கருத்து.

அவரிடமிருந்த கருவி சிறந்ததன்று. ஏறத்தாழ நானூறு மடங்கு பெருப்பித்துக் காட்டும் சாதாரண நுணுக்குக்காட்டியே. ஆயினும் ஒரு வழக்கத்தை அவர் விடாது கைக்கொண்டார். குருதியை உலர்த்திச் சாயமூட்டாமல், விரலிலிருந்து எடுத்த துளியை அப்படியே கண்ணாடித் தட்டில் வைத்து உயிர்த்தன்மை மாறாமல் நோக்கினார். 1880ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 6ஆந் திகதி, கொன்சுதாந்தீன் நகரப் படைவைத்தியசாலையிலே, காய்ச்சலுற்ற போர்வீரர் ஒருவரின் குருதியை அவ்வாறு நோக்கிக்கொண்டிருந்தார். கருந்துணிக்கைகளைத் தன்னகத்தே கொண்ட உருண்டை ஒன்று தென்பட்டது. திடீரென்று அதன் விளிம்பிலிருந்து மெல்லிய இழைகள் புறப்பட்டுச் சாட்டைபோலச் சுழன்று, அயலே கிடந்த செங்குழியங்களைத் தள்ளி அலைத்தன. உயிரற்ற பொருள் அவ்வாறு துள்ளாது. கண்டது ஓர் உயிர் என்பதில் அவருக்கு ஐயம் நீங்கிற்று.

அவ்விழைகள் யாவை என்பதை இன்று அறிவோம். உடலின் வெம்மையை விட்டுக் குருதி குளிர்ச்சியுறும்போது அவ்வொட்டுண்ணியின் ஆண் வடிவம் இழைகளை வீசுகின்றது. நுளம்பின் இரைப்பையிலே நிகழவேண்டிய செயல் அன்று கண்ணாடித் தட்டிலே நிகழ்ந்தது. குருதியை உலர்த்திச் சாயமிட்டவர்கள் அதனைக் கண்டிருத்தல் இயலாது.

இலவரான் ஒருவரோடு அமையவில்லை. 192 நோயாளரைச் சோதித்து 148 பேரிடத்து அவ்வுயிரைக் கண்டார். கொயினா கொடுத்தபின் அது குருதியிலிருந்து மறைவதையும் கண்டார். அம்மாதமே அவர் எழுதிய அறிக்கை பாரிசு மருத்துவக் கழகத்திலே படிக்கப்பட்டது. கேட்டோர் பலர் நம்பவில்லை. நோய்க்குக் காரணம் பற்றீரியாவே என்னும் எண்ணம் ஓங்கியிருந்த காலம் அது. 1879இலேயே இத்தாலியிற் கிளெப்சு, தொமாசி-குருதேலி என்னும் இருவர் மலேரியாவின் பற்றீரியாவைக் கண்டுவிட்டதாக அறிவித்திருந்தனர். அல்சீரியாவின் மூலையிலிருந்த படைவைத்தியர் ஒருவர் அது பற்றீரியாவன்று, வேறொரு விலங்குயிர் என்று சொன்னால் யார் கேட்பர்? சிதைந்துபோன குருதிக்குழியங்களையே அவர் உயிரென மயங்கினார் என்றனர்.

அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1882இல் உரோமாபுரிக்குச் சென்று, அந்நகர் வைத்தியசாலையிற் கிடந்த காய்ச்சலாளரின் குருதியிலும் அதே உயிரைக் கண்டு, அங்குள்ள அறிஞருக்குக் காட்டினார். 1884இற் பாரிசிலே இலூயி பாச்சரும் அவருடைய மாணாக்கரும் வந்து நோக்கினர். சுழலும் இழைகளைக் கண்ட பாச்சர் ஏற்றுக்கொண்டார். இவ்விடத்து ஒன்றை மறைத்தல் தகாது. ஒட்டுண்ணி செங்குழியத்தின் புறத்தே ஒட்டிக்கொண்டிருக்கின்றது என்றே இலவரான் முதலிற் கருதினார். அது செங்குழியத்தினுள்ளே வாழ்கின்றது என்பதைத் தெளிவாகக் காட்டியவர்கள் இத்தாலியராகிய மார்க்கியாபாவாவும் செல்லியும் ஆவர். பிளாசுமோடியம் என்னும் பெயரை 1885இல் இட்டவர்களும் அவர்களே. அடுத்து அந்நாட்டவராகிய கொல்கி, குழியங்கள் ஒருங்கே வெடிக்கும் வேளையும் குளிர்நடுக்கம் எழும் வேளையும் ஒன்றே என்று நிறுவினார். காய்ச்சலின் முறை அவ்வாறு விளங்கிற்று.

இனிச் சோகையின் கதைக்கு வருவோம். ஒட்டுண்ணி செங்குழியத்தினுள் நுழைந்து அங்குள்ள ஈமோகுளோபினைத் தின்று வளர்கின்றது. ஈமோகுளோபினின் இரும்பு சேர்ந்த பகுதி அதற்கு நஞ்சு. ஆதலால் அதனைக் கரையாத மணிகளாக்கி ஒதுக்கிவிடுகின்றது. இலவரானை நெடுநாள் அலைக்கழித்த கருந்துணிக்கைகள் அம்மணிகளே. தின்று பெருகிய ஒட்டுண்ணி ஏறத்தாழ நாற்பத்தெட்டு மணி நேரத்திற் பலவாய்ப் பிரிந்து, குழியத்தை வெடித்துக்கொண்டு வெளிப்பட்டு, வேறு குழியங்களுட் புகுகின்றது. பால்சிபாரம் என்னும் கொடிய இனமும் விவாக்சு என்னும் இனமும் இவ்வாறு செய்வன.

குழியங்கள் வெடித்து அழிகின்றன, ஆகவே குருதி குறைகின்றது, சோகை உண்டாகின்றது. இவ்வளவோடு விடயம் முடிந்ததென்றே மாணவராயிருந்த காலத்தில் யாமும் எண்ணியிருந்தோம். கணக்கிட்டுப் பார்த்தால் அது பொருந்தாது.

வளர்ந்த ஒருவரின் உடலிலே ஏறத்தாழ ஐந்து இலீற்றர் குருதி உண்டு. அதிலுள்ள செங்குழியங்கள் சுமார் 25 இலட்சங் கோடி. ஒரு குழியத்தின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். எனவே சுகதேகியின் உடலிலும் நாள்தோறும் நூற்றிருபதில் ஒருபங்கு, அஃதாவது 20,000 கோடி குழியங்கள் அழிகின்றன. என்பு மச்சை அத்துணையையும் நாள்தோறும் புதிதாக ஆக்கிக் கொடுக்கின்றது. இப்போது நூற்றுக்கு ஒரு குழியத்தில் ஒட்டுண்ணி புகுந்துள்ளதாகக் கொள்வோம். அவை இரண்டு நாளில் வெடிக்கும். நாளொன்றுக்கு மேலதிக இழப்பு இருநூற்றில் ஒருபங்கு. வழக்கமான இழப்பினும் இது குறைவு. தேவை நேரின் மச்சை தன் ஆக்கத்தைப் பன்மடங்கு பெருக்கவல்லது. ஆதலின் இவ்விழப்பை அது எளிதிலே ஈடுசெய்துவிட வேண்டும். விவாக்சு இனமோ இளங்குழியங்களையே நாடுவது. நூற்றுக்கு இரண்டு குழியங்களைக்கூடப் பெரும்பாலும் பற்றுவதில்லை. அதனாலும் கடுஞ்சோகை வருகின்றது. கணக்கு எங்கே பிழைக்கின்றது?

இரண்டு இடத்திற் பிழைக்கின்றது. முதலாவது, அழிவன ஒட்டுண்ணி புகுந்த குழியங்கள் மட்டுமல்ல. மண்ணீரல் ஒரு நுண்ணிய சல்லடை போன்றது. நல்ல செங்குழியம் வளைந்து நெளிந்து அதன் இடுக்குகளுக்கூடாகச் சென்றுவிடும். முறைக்காய்ச்சற் காலத்திலே, ஒட்டுண்ணி தீண்டாத குழியங்களும் நெகிழ்ச்சி குன்றி விறைக்கின்றன. அவற்றின் மேற்பரப்பிலே உடலின் எதிர்ப்புப் பொருள்கள் படிகின்றன. விழிப்புற்ற மண்ணீரலின் தின்குழியங்கள் அவற்றையும் பழுதென்று பிடித்து விழுங்குகின்றன. பால்சிபாரக் காய்ச்சலிலே தீண்டப்பட்ட குழியம் ஒன்று அழியத் தீண்டப்படாதன எட்டளவில் அழிகின்றன என்றும், விவாக்சில் அத்தொகை முப்பதுக்கு மேல் என்றும் ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். ஊர்காவலர் கள்வன் ஒருவனைத் தேடி ஊரார் அனைவரையும் சிறைபிடிப்பது போன்றது இது. வயிற்றிலே தட்டுப்படும் கட்டி அச்சிறைச்சாலையே.

இரண்டாவது, மச்சை தன் கடமையைச் செய்யாது சோர்ந்து கிடக்கின்றது. குருதி குறைந்தால் இளங்குழியங்கள் குருதியிலே மிகுதியாகத் தோன்றவேண்டும். முறைக்காய்ச்சலில் எதிர்பார்க்குமளவு தோன்றுவதில்லை. நோயை எதிர்த்து உடல் சுரக்கும் பொருள்களும், கருமணிகளும் மச்சையின் வேலையைக் குழப்புகின்றன. அன்றியும், ஈரலிலிருந்து எப்சிடின் என்னும் பொருள் மிகுதியாகச் சுரந்து, உணவிலுள்ள இரும்பு குருதியிற் சேராமலும், உடலிற் சேமித்துள்ள இரும்பு வெளிவராமலும் தடுத்துவிடுகின்றது. களஞ்சியத்திலே நெல் உண்டு, திறவுகோல் இல்லை. மருந்தினால் ஒட்டுண்ணி ஒழிந்த சில நாட்களில் இளங்குழியங்கள் பெருகுவதைக் காணும்போது, அதுகாறும் மச்சை அடக்கப்பட்டுக் கிடந்தது என்பது தெளிவாகும். குருதி பழைய நிலையை அடைய மேலும் பல கிழமைகள் செல்லும்.

எப்சிடினைப் பற்றிய அறிவு 2000ஆம் ஆண்டையொட்டிக் கிடைத்ததே. இலவரான் காலத்தவர் இவற்றை அறியார். ஆயினும் அறியாமையால் வரும் தீங்கு இன்றும் உண்டு. சோகையென்றால் இரும்புச்சத்து மருந்தைக் கொடு என்பது எளிய முறை. சான்சிபாரைச் சேர்ந்த பெம்பாத் தீவிலே, முறைக்காய்ச்சல் மலிந்த சூழலில், குழந்தைகளுக்கு நாள்தோறும் இரும்பும் போலிக்கமிலமும் கொடுத்துப் பார்த்தனர். கொடுக்கப்பட்ட குழந்தைகளிடையே கடுநோயும் சாவும் மிகுந்தமையால் அவ்வாராய்ச்சி இடையில் நிறுத்தப்பட்டது. 2006இல் அம்முடிவு வெளியாயிற்று. அத்தகைய நாடுகளிலே முறைக்காய்ச்சலைத் தடுத்தும் தீர்த்தும் வருவதோடு சேர்த்தே இரும்பு கொடுக்கவேண்டும் என்பது அதன்பின் வந்த விதி. ஆபிரிக்காவிலே, நூறு மில்லிலீற்றர் குருதியில் 11 கிராமேனும் இருக்கவேண்டிய ஈமோகுளோபின் 5 கிராமுக்கும் கீழே இறங்கிய நிலையிற் குழந்தைகள் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுகின்றனர். பிறர் குருதியை உடனே ஏற்றாவிடின் அவர்களுட் பலர் பிழையார். 2023இல் உலகில் முறைக்காய்ச்சலால் இறந்தோர் ஏறத்தாழ 6 இலட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களுட் பெரும்பாலோர் ஆபிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

நம் நாட்டின் கதையும் இதற்குத் தொலைவானதன்று. 1934இன் இறுதியிலிருந்து 1935 வரை இலங்கையில் வீசிய கொள்ளைநோயிலே ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அக்காலத்தில் ஓர் ஊரின் நிலையை அறிய, பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மண்ணீரலைத் தடவிப் பார்ப்பது வழக்கம். 1963இல் நோயாளர் தொகை பதினேழாகக் குறைந்தது. விழிப்புத் தளர்ந்தமையால் 1969இல் அது ஐந்து இலட்சத்தைக் கடந்தது. பின்னர் நெடுங்காலம் முயன்று, 2012ஆம் ஆண்டோடு உள்நாட்டுத் தொற்று நின்று, 2016 செத்தெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் கிடைத்தது. இலவரான் நுணுக்குக்காட்டி வைத்திருந்த அல்சீரியாவுக்கு அதே சான்றிதழ் 2019இலே கிடைத்தது.

அவர் வாழ்க்கைக்கு மீள்வோம். 1884 முதற் பத்தாண்டு வல்-த-கிராசிலே படைச் சுகாதாரப் பேராசிரியராயிருந்தார். ஒட்டுண்ணி உடலுக்கு வெளியே எங்கே வாழ்கின்றது என்று ஆராய்ந்து, நுளம்பின் உடலில் இருக்கலாம் என்று அக்காலத்திலேயே எழுதினார். அதனை மெய்ப்பிக்க அவருக்கு வாய்ப்பு அமையவில்லை. இங்கிலாந்திலே மான்சன் அக்கருத்தையே கொண்டு உரோசை ஊக்கினார். 1897 ஓகத்து 20இல் உரோசு செக்கந்தராபாத்திலே நுளம்பின் இரைப்பையில் ஒட்டுண்ணியைக் கண்டபோது அடையாளமாகக் கொண்டது, இலவரான் தேடிய அதே கருமணிகளை. ஒட்டுண்ணியின் கழிவே அதனைக் காட்டிக்கொடுத்தது.

1894இற் பேராசிரியப் பதவிக் காலம் முடிந்தது. ஆராய்ச்சிக்கு இடமுள்ள பதவியொன்றை இலவரான் விரும்பினார். உலகம் அறிந்த அறிஞராகிய அவரை இலீல் நகர வைத்தியசாலையின் தலைமைக்கும், பின் நாந்து நகரிலே படைப்பிரிவொன்றின் சுகாதார நிருவாகத்துக்கும் அனுப்பினர். அங்கே ஆய்வுகூடமும் இல்லை, நோயாளரும் இல்லை, கோப்புகளே இருந்தன. நிருவாகம் என்னும் பெயரால் நல்லாசிரியரை வகுப்பறையிலிருந்து பிரித்தெடுக்கும் வழக்கத்தை இக்கல்லூரியின் பழைய மாணவர் தத்தம் உத்தியோகங்களிலும் கண்டிருப்பர். இலவரான் ஈராண்டு பொறுத்தார். 1896இல், ஐம்பத்தொரு வயதிலே, படைச் சேவையைத் துறந்து பாச்சர் நிலையத்திற் கௌரவ ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். பதவியுயர்வை விட்டு நுணுக்குக்காட்டிக்குத் திரும்பினார் என்க.

அங்கே அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் திரிப்பனசோம் என்னும் வேறோர் குருதியொட்டுண்ணியை. ஆபிரிக்க உறக்கநோய்க்குக் காரணமாவது அது. மெசுனில் என்பாரோடு சேர்ந்து அவர் எழுதிய பெருநூல் 1904இல் வெளிவந்தது. ஓரணு விலங்குயிர்கள் நோய் விளைக்கும் என்று காட்டிய பணிக்காக 1907ஆம் ஆண்டு மருத்துவத்துக்குரிய நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் ஒருவர் அத்துறையிலே பெற்ற முதற் பரிசு அதுவே. கொன்சுதாந்தீனில் அவர் அவ்வுயிரைக் கண்டு அப்போது இருபத்தேழு ஆண்டுகள் சென்றிருந்தன. பரிசுப் பணத்திற் பாதியைப் பாச்சர் நிலையத்திலே வெப்பவலய நோய்களுக்கான ஆய்வுகூடம் அமைக்கக் கொடுத்துவிட்டார். ஆய்வுகூடமின்றி இருந்த நாட்களின் அருமை அவருக்குத் தெரியும். அடுத்த ஆண்டு வெப்பவலய நோய்களை ஆராயும் கழகம் ஒன்றை நிறுவிப் பன்னிரண்டு ஆண்டுகள் அதன் தலைவராயிருந்தார்.

1885இல் மணஞ்செய்த அவருக்கு மக்கட்பேறு இல்லை. 1920இலே, ஒருகாலத்தில் அவர் அறிக்கையை ஐயுற்ற மருத்துவக் கழகம் அவரையே தன் தலைவராக்கிற்று. 1922ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி, எழுபத்தேழாவது பிறந்தநாளுக்கு ஒருமாதம் இருக்கையில், இலவரான் பாரிசிலே காலமானார். மொன்பர்னாசு மயானத்திலே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.